பெயர் சொல்லும் ஆடியோ

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்குத் தறி ஓடவில்லை. பள்ளிபாளையத்தில் எங்களுக்குப் பிழைப்பு நடக்கும் நாள் ஞாயிறு ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி டடக் டடக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தின் நடுவே "உங்கள் மனம் அமைதியாகிறது" என்று மைக்கில் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். ஆகவே வாரம் பூராவும் எழுதுவது, ஞாயிறன்று பேசுவது. இடையில் கரண்டு போனால் தறியும் நிற்கும். ஊரே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் சந்தோஷமாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

எங்கள் கம்பெனி என்றால் நானும் என் வீட்டுக்காரர் மோகனசுந்தரமும்தான். பெயர் 'தெளிமனம் ஆடியோ'. அவர் எழுதுவார், மழைச் சத்தம், புல்லாங்குழல் எல்லாம் சேர்ப்பார். குரல் என்னுடையது. வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் நான்தான். தூக்கம் வர, கோபம் குறைய, மேடைப் பயம் போக, சிகரெட் விட என்று அறுபதுக்கு மேல் வைத்திருக்கிறோம். பட்டியலை அனுப்பினால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "எனக்கு எதுங்க பொருந்தும்?" நானும் நாலு வார்த்தை விசாரித்து, இதைக் கேளுங்கள் என்று எடுத்துக் கொடுப்பேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அவருக்குப் பிடிக்காது. "கஸ்டமர் தேர்வு அவங்களோடது. நீ எதுக்கு நடுவுல கேள்வி கேக்கறே? கேள்வி கேட்டா ஓடிருவாங்க" என்கிறார்.

இன்று புதிதாக ஒன்று ஆரம்பித்தோம். பெயர் சொல்லும் ஆடியோ. பெயரையும், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களே எழுதி அனுப்பலாம், பின்னணிச் சத்தத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்கலாம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவேன். இதற்குத் தனி இடம் வேண்டும் என்று நடு அறையில் மெத்தைகளை நிறுத்திக் கூண்டு மாதிரி கட்டிவிட்டார். அங்கே இருந்த என் தையல் மிஷின் மொட்டைமாடி ஷெட்டுக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். சரி என்றேன். தைக்க எங்கே நேரம் இருக்கிறது.

ஜூலை 16, புதன்

சங்ககிரிக்காரர் ஒருவர், சிகரெட் விடும் ஆடியோவைச் சிகரெட் பிடித்துக்கொண்டே கேட்கலாமா என்று கேட்டிருக்கிறார். எதையாவது ஒன்றை முதலில் முடியுங்கள் என்று எழுதினேன். வீட்டுக்காரர் முறைத்தார்.

ஜூலை 19, சனி

பெயர் ஆடியோவுக்கு முதல் ஆர்டர். முகப்புப் படத்தில் முருகன் இருக்கும் ஒரு எண்ணிலிருந்து வந்தது. பெயர் பவதாரணி, கோபிச்செட்டிபாளையம் பக்கம். "பெரியவங்க சொல்றதுல நல்லது இருக்கு. கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்வேன்." இதைத்தான் சொல்ல வேண்டுமாம். பின்னணி மழை.

படித்ததும் மனசு இளகிவிட்டது. நல்ல பெண். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை ஏற்றுக்கொள்ள மனசு முரண்டு பிடிக்கிறது போல, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது. நான் கழுத்தை நீட்டிய காலத்தில் இதெல்லாம் இல்லை. ஆடியோ இல்லாமலேயே சமாளித்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பவதாரணிக்குப் பேசினேன். அவள் எழுதி அனுப்பியதை அப்படியே படிக்கவில்லை. ஆணை போட்டால் மனம் எதிர்த்து நிற்கும், இது எட்டு வருஷ அனுபவம். அதனால் மாற்றினேன். "பவதாரணி... உனக்குள்ளே சரி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை நீ தேட வேண்டாம். அது தானாக மேலே வரும்." ஒரே டேக்கில் ஓகே ஆனது. கேட்டுவிட்டு அவரே, "சுகுணா, சொத்தையே எழுதிக் குடுன்னாலும் குடுத்துருவாங்க போ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

ஜூலை 24, வியாழன்

நாத்தனார் பிள்ளைகளோடு வந்திருக்கிறார். ஆடிப்பெருக்கு முடிகிற வரைக்கும் இங்கேதான் இருப்பாராம். என்னிடமும் கேட்டார்கள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது புது எண்ணிலிருந்து அழைப்பு. தறிச் சத்தத்துக்காக அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, "வணக்கம், தெளிமனம் ஆடியோ, சொல்லுங்க" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி "சொல்லுங்க" என்றேன்.

"நீங்கதானா அது?" என்று ஒரு பெண் குரல். நடுங்கியது.

"எதுங்க?"

"எம்பேரச் சொல்லிக் கூப்பிடறது நீங்கதானா? நாங்கூட எனக்குப் பைத்தியம் புடிச்சுருச்சுன்னு நெனச்சனுங்க. கண்ணு அசந்தாப் போதும், யாரோ ஒரு பொம்பள காதோரத்துல வந்து பவதாரணி, பவதாரணின்னு... ஈரோட்டுல டாக்டரைப் பாக்கலாம்னு சீட்டே போட்டுட்டேன். இன்னிக்குக் கட்டிலுக்கு அடியில கூட்டறப்பதான் பாத்தேன், அம்மாவோட பழைய போன் ஓடிட்டு இருக்குது. அதுலதான் உங்க நம்பர் இருந்துச்சு."

ஆர்டர் செய்தது அவள் இல்லை, அவள் அம்மா. இந்த எட்டு வருஷத்தில் வாங்குகிறவர்தான் கேட்கிறவர் என்றே பழகிவிட்டேன். ஆடியோவை யாருக்காக என்று கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எதைத்தான் கேட்டேன்? மழையா கடலா என்று கேட்டேன்.

"நீங்களே கேட்டீங்கன்னு நெனச்சேன் கண்ணு" என்றேன்.

"நான் எதுக்குங்க்கா கேக்கறேன்? நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டு இருக்கறேனே."

"மாப்பிள்ளை எதாச்சும்..."

"அதெல்லாம் நல்லவருதானுங்க. காரணம்னு ஒண்ணுமில்ல. புடிக்கல. புடிக்கலங்கறது காரணம் ஆகாதுங்களா?"

ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

அவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். "நமக்கு என்ன தெரியும் சுகுணா? காசு கட்டினது அந்தம்மா. அனுப்பின ஃபைலைத் திரும்பி வாங்க முடியுமா? அவங்க போன்ல இருக்குது. இனிமே யாருக்குன்னு கேட்டுக்கலாம்" என்றார். இனிமே என்பதைப் பற்றி எனக்கு என்ன, அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் இத்தனை நாளும் நான்தானே பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. நாத்தனார், பிள்ளைகள், எல்லோரும் காவேரிக்குப் போனார்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தம்மாவைக் கூப்பிட்டேன். பெயர் வசந்தாமணி. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் கூப்பிட்டேன்.

"உங்க மகளுக்குத் தெரியாம இப்படிச் செய்யலாங்களா? அது தப்புங்கம்மா" என்றேன்.

"தப்புதான் கண்ணு" என்றார் அந்தம்மா, உடனே. எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. "அவ அப்பா போயிப் பத்து வருசம் ஆச்சு. எனக்குச் சக்கரை, கால்ல புண்ணு ஆற மாட்டீங்குது. நாளைக்கு நான் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கறா? வர்ற சம்பந்தமெல்லாம் வேண்டாம் வேண்டாம்னா நான் என்னதாம் பண்றது? அடிச்சா சொல்ல முடியும்? படிச்ச புள்ள. உங்க குரலைக் கேட்டப்பத்தான் இது ஒரு நல்ல வழின்னு தோணுச்சு. வலிக்காம சொல்றீங்க."

அழுதார். நான் சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில் இல்லை, வாய் பாட்டுக்குப் பேசியது. கடைசியில் அவர், "உங்ககிட்டப் பேசினதே பாரம் எறங்கின மாதிரி இருக்குதுங்க கண்ணு" என்று சொல்லி வைத்தார். திட்டக் கூப்பிட்டவள் நான். எனக்குக் கோபமே வரத் தெரியவில்லை. வந்தாலும் யாருக்கும் அது கோபம் என்று தெரிவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வசந்தாமணியிடமிருந்து அடுத்த ஆர்டர். இந்தத் தடவை மாப்பிள்ளையின் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். தினகரன். பழையது இருந்த போனைப் பெண் எடுத்து வைத்துக்கொண்டாள், புதிதாக அனுப்புங்கள், இனிமேல் ஜன்னல் ஓரம் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். முடியாது என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அதற்குள் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "முடியாதுன்னா வேற ஆள்கிட்டப் போவாங்க. கம்ப்யூட்டர்லயே பேச வெச்சுக் குடுக்கறவன் இருக்கான். அவன் இன்னும் என்னென்ன எழுதுவானோ" என்றார். அதுவும் நிஜம்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவர் நாத்தனாரைப் பஸ் ஏற்றிவிட ஈரோடு போயிருந்தார். தறியும் இல்லை. நானே லேப்டாப்பைத் திறந்து ஒரு ஆடியோ செய்தேன். வெறும் மழை. ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை, "பவதாரணி, நல்லாத் தூங்கு சாமி." அவ்வளவுதான். அப்புறம் கடைசி வரைக்கும் மழை மட்டும். என் கையால் நானே சேர்த்த முதல் ஆடியோ இது.

வசந்தாமணிக்கு அனுப்பிவிட்டு, சொற்கள் ஆழ்மனதுக்குப் போகிற மாதிரி செய்திருக்கிறோம், காதுக்குக் கேட்காது என்று கூசாமல் பொய் எழுதினேன். "ரொம்ப நல்லதுங்க" என்று கும்பிடும் கை வந்தது. பவதாரணியின் எண்ணுக்கும், இனி பயப்படாதே, மழை மட்டும்தான் என்று ஒரு வரி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. எனக்கு இன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் கேசரி கிளறினேன். எதற்கு என்று அவர் கேட்டார். சும்மா என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வசந்தாமணி போட்டோ அனுப்பியிருக்கிறார். தட்டில் உப்பும் சர்க்கரையும். எங்கள் பக்கம் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் உப்புசக்கரை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, பின்வாங்க முடியாது. ஓரத்தில் பட்டுப்புடவையில் ஒரு பெண், குனிந்த தலை. முகம் தெரியவில்லை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ரெண்டாவது ஆடியோ அப்படி வேலை செஞ்சுதுங்க கண்ணு. அவளே வந்து சரிங்கம்மான்னா. செப்டம்பர் நாலு முகூர்த்தம். நீங்க நல்லா இருக்கோணும்."

இரண்டாவது ஆடியோவில் ஒன்றுமே இல்லை. மழை.

அவர் அந்த வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டார். அதை ஸ்டேட்டஸில் வைக்கப் போகிறாராம். 'மகள் சம்மதம்' என்று தனி ஆடியோவாகப் பட்டியலில் சேர்க்கலாம், ஆவணி முகூர்த்த நேரம், நன்றாகப் போகும் என்றார். உள்ளே ஒன்றுமே இல்லைங்க என்றேன். "இல்லாமலே இந்தப் போடு போடுதுன்னா பாரு" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் தறி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

'மகள் சம்மதம்' கேட்டு ஏழு அம்மாக்களும் ஒரு அப்பாவும் எழுதியிருக்கிறார்கள். யாருக்காக என்று கேட்டேன். மகளுக்காக என்று எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பவதாரணி பேசினாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஆடியோவால இல்லீங்க்கா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அம்மா மூணு நாளா அன்னம் தண்ணி எடுக்கல. சக்கரை எறங்கிக் கண்ணு சொருகிருச்சு. ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்திட்டு இருக்கறப்ப சரின்னு சொல்லிட்டேன். அதென்னமோ, சொன்னதும் அம்மா எந்திரிச்சு உக்காந்து இட்லி சாப்பிட்டாங்க."

நான் உம் கொட்டினேன்.

"அக்கா, எனக்கு ஒரு ஆடியோ வேணுங்க. காசு நானே கட்டறேன்."

"சொல்லு கண்ணு."

"வேண்டாம்னு சொல்றதுக்கு எதாச்சும் இருக்குதுங்களா? அம்மாகிட்டச் சொல்ல வராது. தினகரன்கிட்டயாச்சும் நேராச் சொல்லிரலாம்னு பாக்கறேன். அவரு கேட்டுக்குவாருன்னு தோணுது. ஆனா போனை எடுத்தா வாய் ஒட்டிக்குது. கல்யாணத்துக்குள்ள ஒரு தடவை சொல்லிட்டாப் போதுங்க்கா."

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கோபம் குறைய இருக்கிறது. பொறுமை வளர இருக்கிறது. மாமியார் மெச்ச, மன்னித்து மறக்க, உள்ளதைக் கொண்டு மகிழ எல்லாம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, எனக்கும் எழுதத் தோன்றியதில்லை.

"செஞ்சு தர்றேன்" என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எப்படிச் சொல்வது என்று நேற்றெல்லாம் யோசித்து, வீட்டுக்காரரிடம் இன்றைக்குச் சொன்னேன். தடுப்பார் என்று நினைத்தேன். "கஸ்டமர் கேட்டா செய்ய வேண்டியதுதான். அம்மா கேட்டதைச் செஞ்சோம், பொண்ணு கேக்கறதையும் செய்வோம்" என்றார். அவர் நியாயம் அப்படி. மெத்தைக் கூண்டுக்குள் நான், எதிரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர்.

நானே எழுதியதுதான். "பவதாரணி, வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. நிமிர்ந்து நின்று சொல். எனக்கு இது வேண்டாம்." எழுதும்போது கை சூடாக இருந்தது.

முதல் தடவை சொன்னதும் அவர் கை காட்டி நிறுத்தினார். "கெஞ்சற மாதிரி இருக்குது." இரண்டாவது தடவை, "தாலாட்டற மாதிரி இருக்குது." மூன்றாவது தடவை நானே நிறுத்திவிட்டேன். வேண்டாம் என்கிற இடம் வந்தாலே குரல் தானாகத் தழைந்துவிடுகிறது. வருஷக்கணக்காக இதே குரலில் பேசிப் பேசி வேறு குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"யாரையாச்சும் நெனச்சுக்க. அவங்ககிட்ட நேராச் சொல்ற மாதிரி சொல்லு" என்றார்.

எதிரில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு இது வேண்டாம் என்றேன். இந்தத் தடவை குரல் தழையவில்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது, கடைசியில் உடைந்தது. மெத்தையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தார். "பிசிறடிக்குது. மூச்சுச் சத்தம் வேற. இதைக் கேட்டா அந்தப் பொண்ணு பயந்துக்கும். ரெண்டாவது டேக்கே நல்லா இருந்துச்சு, அதையே வெச்சுக்கலாமா?"

வாடிக்கையாளர் பயந்துவிடக் கூடாது என்பதும் சரிதானே. குரல் வேறு கட்டிக்கொண்டது. இன்னொரு தடவை அப்படி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சரி என்றேன். அவர் மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, இனிமையாக்கிக் கொடுத்தார். சாயங்காலமே பவதாரணிக்கு அனுப்பினேன். "வந்துருச்சுங்க்கா. தைரியம் வர்றப்ப கேக்கறேன்" என்று எழுதினாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. தினமும் எண்ணை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். தினகரனிடம் பேசியாயிற்றா என்று கேட்கலாம். கேட்டால் நெருக்குகிற மாதிரி ஆகிவிடுமோ. ஏற்கெனவே ஒரு தடவை அவள் காதுக்குள் போய் உட்கார்ந்தவள் நான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

'மகள் சம்மதம்' பேசி முடித்தேன். ஒரே டேக்.

செப்டம்பர் 3, புதன்

வசந்தாமணி மண்டபத்து வாசல் படம் அனுப்பியிருக்கிறார். வாழைமரம், சீரியல் பல்பு, பெயர்ப் பலகையில் பூவால் தினகரன் – பவதாரணி. நேரம் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

விடிந்து பால் காய்ச்சும்போது பவதாரணியின் செய்தி வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அக்கா, நேத்துத்தான் கேட்டேன். ரூம் நிறைய ஆளுங்க, ஹெட்போன் போட்டுட்டுப் படுத்தேன். அவருக்குப் போன் பண்ணணும்னுதான் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சுங்க்கா. கேக்கக் கேக்க மனசு அப்படியே அடங்கிருச்சு. எப்பத் தூங்கினேன்னே தெரியல. எந்திரிச்சாப் பொழுது விடிஞ்சிருச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன். தேங்க்ஸ்ங்க்கா."

பால் பொங்கியது, அவர் வந்து அடுப்பை அணைத்தார். நான் அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை மைக் இல்லை, ஹெட்போன் இல்லை, நேராகச் சொல்லிவிடலாம். இன்னும் தாலி ஏறவில்லை, போ, அந்தப் பையனிடம் போய்ச் சொல். மூன்றாவது தடவை எடுத்தார்கள். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் வசந்தாமணியின் குரல்.

"அடடா, நீங்களா கண்ணு! அவ அலங்காரத்துல இருக்கறா. பக்கத்துலதான், போனைக் குடுக்கட்டுங்களா? எதாச்சும் சொல்லோணுமா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்றேன். "எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அதையும் நன்றாகத்தான் சொன்னேன்.